வீட்டைக் கட்டிப் பார், டி-34ஐக் கட்டிப் பார்

இரண்டாம் உலகப்போர்க் கால சோவியத் டாங்கி ஒன்றின் மாதிரியை, வரலாற்றிலிருந்து இம்மியும் பிசகாமல் செய்வதென்று முடிவெடுத்துவிட்டீர்கள். வாழ்த்துகள். டி-34ஐத்தான் தேர்ந்தெடுத்திருப்பீர்கள், எல்லாரும் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சாய்ந்த கவசம், அகன்ற டிராக், பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரம். பார்த்தால் எளிமையான வண்டி. அந்த எண்ணத்தை உங்கள் மனதிலிருந்து வேரோடு பிடுங்குவதுதான் இந்த வழிகாட்டியின் வேலை.

இதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதியையும் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். முன்னனுபவம் வேண்டாம். பிடிவாதம் போதும்.

படி 1: கிட் வாங்குங்கள், திறக்காதீர்கள்

முதலில் டாமியா நிறுவனத்தின் 1/35 அளவு கிட்டை வாங்குங்கள். 1970களில் வந்த அச்சு. பாகங்கள் குறைவு, அழகாகப் பொருந்தும், சீக்கிரம் முடிந்துவிடும். இந்தக் காரணங்களுக்காகவே அதை உடனே வெறுக்கத் தொடங்குங்கள்.

அடுத்து மினிஆர்ட்டின் டி-34-85ஐ, அதாவது 85 மில்லிமீட்டர் பீரங்கி வைத்த பிந்தைய வகையை, வாங்குங்கள். உள்ளமைப்பு முழுவதும் கொண்ட கிட். பெட்டிக்குள் பாகங்கள் திருவிழாக் கூட்டமாக நெருக்கியடிக்கும். அதன் பிறகு டிரம்பெட்டரின் 1/16 கிட். முடிந்தால் 40 சென்டிமீட்டருக்கு மேல் நீளம் வரும் என்பதால், அதை வைக்க வீட்டில் இடமே இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு ஆர்டர் போடுங்கள்.

மூன்றையும் அலமாரியின் மேல்தட்டில் அடுக்குங்கள். "இன்னும் பிரிக்கவே இல்லையா?" என்று வீட்டில் கேட்டால், ஆராய்ச்சி நடக்கிறது என்று சொல்லுங்கள். பிரிக்காத கிட்டில் ஒரு பிழைகூட இருக்காது. உங்கள் கை அதன் மேல் படப்படத்தான் வரலாறு கெடும்.

படி 2: தொழிற்சாலையைத் தேர்ந்தெடுங்கள்

யாராவது "டி-34 செய்கிறேன்" என்றால் பரிதாபமாகச் சிரியுங்கள். எந்த டி-34? கார்கிவிலிருந்து பெயர்த்து உரல் மலைப்பகுதியின் நிஷ்னி தாகிலுக்குக் கொண்டுபோன 183ஆம் தொழிற்சாலையுடையதா? ஸ்டாலின்கிராட் டிராக்டர் தொழிற்சாலையுடையதா? கோர்க்கி நகரத்துக் கிராஸ்னோயே சோர்மோவோவா? செல்யாபின்ஸ்கா, ஸ்வெர்ட்லோவ்ஸ்கா, ஓம்ஸ்கா? ஆறு இடங்கள், ஆறு கைப்பழக்கம். ஸ்டாலின்கிராட்டில் கவசத் தகடுகளைப் பல்லுக்குப் பல் கோத்துப் பற்றவைத்தார்கள். சோர்மோவோவில் வீரர்கள் தொற்றிக்கொள்ள வசதியாகக் கம்பிக் கைப்பிடிகளை வளைத்து வைத்தார்கள். 1942இல் வந்த அறுகோண டரட்டில், அதாவது சுழலும் பீரங்கிக் கூண்டில், இரண்டு வட்ட மூடிகள் இருந்தன. இரண்டும் திறந்து நின்றால் காது மாதிரி தெரிந்ததால் ஜெர்மானியர்கள் அதற்கு மிக்கி மவுஸ் என்று பெயர் வைத்தார்கள்.

"1942 மாதிரி" என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஆண்டை வைத்து இப்படிப் பிரிப்பதெல்லாம் பின்னால் வந்த ஆய்வாளர்களின் வசதிக்கு. உங்களுக்கு வேண்டியது ஆண்டு அல்ல, மாதம். மாதம் கிடைத்துவிட்டால் வாரம்.

ஓர் எச்சரிக்கை. போர்முனைக்குப் பின்னாலிருந்த பழுதுபார்ப்புக் கூடங்களில் ஒரு வண்டியின் டரட்டை இன்னொன்றின் உடலில் ஏற்றினார்கள், கிடைத்த சக்கரத்தைக் கிடைத்த அச்சில் மாட்டினார்கள். ஆகவே நீங்கள் எதை எதோடு ஒட்டினாலும் அப்படி ஒன்று எங்கோ ஓடியிருக்க வாய்ப்பு உண்டு. இந்தத் தகவலை உடனே மறந்துவிடுங்கள். இதை நம்பினால் வேலை சுலபமாகிவிடும்.

படி 3: ஆதாரம் திரட்டுங்கள்

உங்களுக்குத் தேவை ஒரே ஒரு புகைப்படம். கறுப்பு வெள்ளையில், கலங்கலாக, டாங்கியின் பாதி மட்டும் தெரிய வேண்டும். 1941இல் எடுத்த படங்களில் பலவற்றுக்குக் கேமராவைப் பிடித்தவர் ஜெர்மன் சிப்பாய். எரிந்துபோன வண்டியின் மேல் ஒரு காலை வைத்து அவருடைய நண்பர் சிரிப்பார். அந்த நண்பரின் முழங்கால் சரியாக நீங்கள் பார்க்க வேண்டிய ஆணியை மறைத்திருக்கும். அந்த முழங்காலுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதைப் பற்றிக் கருத்து உருவாக்குங்கள். கருத்து உருவான பிறகு மாற்றாதீர்கள்.

அருங்காட்சியக டாங்கிகளை நம்பாதீர்கள். மாஸ்கோவுக்கு அருகே குபின்காவில் நிற்பதோ, பெர்லினின் டியர்கார்டன் நினைவிடத்தில் இரு பக்கமும் நிற்பவையோ, எத்தனை முறை வண்ணம் பூசப்பட்டவை என்று கேட்டு ஒதுக்குங்கள். அவற்றில் ஒன்று உங்கள் கருத்துக்குச் சாதகமாக இருந்தால் மட்டும், "நேரில் நிற்கிறது, போய்ப் பாருங்கள்" என்று சொல்லுங்கள்.

சினிமாவை எக்காரணம் கொண்டும் ஆதாரமாகக் காட்டாதீர்கள். 1970இல் வந்த 'கெல்லீஸ் ஹீரோஸ்' படத்தில் வரும் ஜெர்மன் டைகர் டாங்கிகளே யூகோஸ்லாவியாவின் டி-34-85கள்தான், மேலே தகடு கட்டி வேஷம் போட்டவை. 2019இல் லாவோஸ் தன்னிடமிருந்த 30 டி-34-85களை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்பியது. அணிவகுப்புக்கும் படப்பிடிப்புக்கும் பயன்படும் என்று. இந்தத் தகவல்களை வீட்டார் நிம்மதியாகப் படம் பார்க்கும்போது, சத்தமாக, காட்சிக்குக் காட்சி சொல்லுங்கள்.

படி 4: அளந்து பாருங்கள்

இப்போது பெட்டியைத் திறக்கலாம். ஒட்டுவதற்காக அல்ல, அளப்பதற்காக.

டிஜிட்டல் வெர்னியர் வாங்குங்கள். டி-34இன் நீளம், பீரங்கிக் குழலோடு சேர்த்து, சுமார் 6.68 மீட்டர். அகலம் 3 மீட்டர், உயரம் 2.45 மீட்டர். 35ஆல் வகுத்தால் 191, 86, 70 மில்லிமீட்டர். முன்பக்கக் கவசம் 45 மில்லிமீட்டர் கனம். உங்கள் கிட்டில் அது 1.29 மில்லிமீட்டராக இருந்தாக வேண்டும். உடலின் நீளத்தில் 0.4 மில்லிமீட்டர் குறைவதாகக் கண்டுபிடியுங்கள். நிஜ வண்டியில் அது 14 மில்லிமீட்டர். 14 மில்லிமீட்டர் குறைந்த டாங்கியோடு எப்படி வாழ்வது? அறுத்து நீட்டுங்கள். அறுத்த பிறகு நேராக ஒட்டாது. அப்போது இன்னொரு கிட் வாங்குங்கள்.

எடையையும் விட்டுவிடாதீர்கள். ஆரம்பகால வண்டி சுமார் 26.5 டன். எடை மூன்று திசையிலும் சுருங்கும் என்பதால் 35ஆல் மூன்று முறை வகுக்க வேண்டும்: 620 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பிளாஸ்டிக் மாதிரி இதில் பாதிகூட வராது. மீன்பிடிக்கும் ஈயக்குண்டுகளை உடலுக்குள் கொட்டி நிரப்புங்கள். அச்சுகள் முறிந்தால், நிஜ வண்டியிலும் பாகங்கள் முறிந்தன என்று ஆறுதல் கொள்ளுங்கள்.

படி 5: உள்ளே எல்லாவற்றையும் செய்து மூடிவிடுங்கள்

வி-2 டீசல் என்ஜினுக்கு 12 சிலிண்டர், சுமார் 500 குதிரைத்திறன். ஒவ்வொரு எரிபொருள் குழாயையும் செம்புக் கம்பியில் செய்யுங்கள். சோர்மோவோ வண்டியைத் தேர்ந்தெடுத்திருந்தால் சிக்கல் இன்னும் இனிமையானது. 1941-42இல் டீசல் என்ஜின் தட்டுப்பாடு வந்தபோது அங்கே சில வண்டிகளில் எம்-17 பெட்ரோல் என்ஜினை வைத்தார்கள். உங்களுடையதில் எது இருந்தது? முடிவுசெய்ய எந்த வழியும் இல்லாததால் இரண்டையும் செய்யுங்கள்.

அடுத்து குண்டுகள். ஆரம்பகால வண்டிக்கு 77 குண்டு. பெரும்பகுதி தரைக்கடியிலிருந்த பெட்டிகளில் கிடந்தது. அவற்றின் மேல்தான் குண்டு நிரப்பும் லோடர் நிற்க வேண்டும், நின்ற இடத்தையே தோண்டித்தான் குண்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். 77ஐயும் செய்து, வண்ணம் பூசி, பெட்டியில் அடுக்கி, பெட்டியை மூடி, அதன் மேல் ரப்பர் விரிப்பைப் போடுங்கள். அதன் மேல் டரட்டை வையுங்கள். டரட்டின் கூரையை ஒட்டுங்கள்.

இனி எதுவும் தெரியாது. விருந்தினர் யார் வந்தாலும், "உள்ளே 77 குண்டு இருக்கிறது" என்று சொல்லுங்கள். அவர்கள் தலையாட்டுவார்கள். அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: கரடுமுரடை நுணுக்கமாகச் செய்யுங்கள்

வார்ப்பு டரட்டின் மேற்பரப்பு மணலச்சில் ஊற்றிய இரும்புக்கே உரிய சொரசொரப்போடு இருக்கும். கிட்டில் அது வழவழவென்றிருக்கும். பிளாஸ்டிக் பசையைத் தடவி, இளகியதும் பழைய பிரஷ்ஷால் குத்துங்கள். அதிகமாகிவிட்டது. தேய்த்துவிடுங்கள். குறைந்துவிட்டது. மறுபடி குத்துங்கள்.

பற்றவைத்த தடங்களுக்கு இதைவிடக் கூடுதல் கவனம் தேவை. கீவிலிருந்து நிஷ்னி தாகிலுக்கு இடம்பெயர்ந்த யெவ்கெனி பாட்டனின் குழு 1942இல் கவசத் தகடுகளை இயந்திரத்தால் பற்றவைக்கும் முறையை அங்கே கொண்டுவந்தது. அந்தத் தடம் சீராக ஓடும். கையால் பற்றவைத்தது அலையலையாகப் போகும். உங்கள் வண்டியின் ஒவ்வொரு மூட்டும் கையா இயந்திரமா என்று தீர்மானியுங்கள். எபாக்ஸி புட்டியை நூலாகத் திரித்து மூட்டில் படுக்கவைத்து, பூதக்கண்ணாடியின் கீழ் ஊசிமுனையால் அலையலையாக அழுத்துங்கள்.

போர்க்காலத் தொழிற்சாலைகளில் இந்த வேலையைச் செய்தவர்களில் பலர், வேலைக்குப் புதிதாக வந்த பெண்களும் பதின்வயதுப் பிள்ளைகளும். அவர்கள் அவசரத்தில் போட்ட கோணல் தடத்தை நீங்கள் நிதானமாக நகலெடுக்க வேண்டும். நிஜக் கவசத்தைப் பற்றவைக்க அவர்களுக்கு ஆன நேரத்தைவிட உங்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை என்றால், எங்கோ அலட்சியம் காட்டியிருக்கிறீர்கள்.

படி 7: பித்தளைத் தகடுகளைத் தொலையுங்கள்

கிட்டில் வரும் பிளாஸ்டிக் பிடிகள் தடிமனாக இருக்கும். செக் நாட்டு எடுவர்டோ போலந்து நாட்டு ஆபரோ தரும் போட்டோ எட்ச் தகட்டை வாங்குங்கள். பெரும்பாலும் கிட்டின் விலையையே எட்டிப்பிடிக்கும். கடுகளவு பாகத்தை ட்வீசரால் எடுங்கள். ட்வீசரை இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள். பாகம் பறந்துவிடும்.

தரையில் மண்டியிடுங்கள். டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்துத் தேடுங்கள். வீட்டில் அன்று யாரும் பெருக்கக் கூடாது என்று உத்தரவிடுங்கள். முந்தைய மூன்று முறை தொலைத்தவை கிடைக்கும். இன்று தொலைத்தது கிடைக்காது. போர்முனையில் டாங்கிகளிலிருந்து பிடிகளும் கருவிப்பெட்டிகளும் கழன்று விழுவது சாதாரணம் என்று உங்கள் மனம் சமாதானம் சொல்லும். அதன் பேச்சைக் கேட்காதீர்கள். முழுத் தகட்டையும் மறுபடி ஆர்டர் போடுங்கள்.

படி 8: டிராக்கைக் கோத்திடுங்கள்

பழைய கிட்டில் வரும் ரப்பர்ப் பட்டையைக் குப்பையில் போடுங்கள். டி-34க்கு மேலே தாங்கு உருளைகள் கிடையாது; டிராக்கின் மேல்பகுதி தன் கனத்தாலேயே தொய்ந்து சக்கரங்களின் முதுகில் உட்காரும். ரப்பர்ப் பட்டை விறைப்பாக அந்தரத்தில் நிற்கும். உங்களால் அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியாது.

ஹங்கேரியின் ஃப்ரியுல்மாடல் தரும் உலோக டிராக்கை வாங்குங்கள். பக்கத்துக்கு 72 கண்ணி. ஒன்றுவிட்டு ஒன்றில் நடுவே பல் இருக்கும். பின்சக்கரத்திலுள்ள உருளைகள் அந்தப் பல்லைப் பிடித்துத்தான் டிராக்கை இழுக்கும். ஆக மொத்தம் 144 கண்ணி. ஒவ்வொன்றிலும் துளையைச் சுத்தம் செய்து, கம்பியைச் செருகி, வெட்டி, பசை வையுங்கள். ஒட்டி முடித்த பிறகு திசை தவறி மாட்டியிருப்பதைக் கவனியுங்கள்.

முடித்ததும் மேல்பகுதியைச் சேற்றுக்காப்புத் தகடு பாதி மறைத்துவிடும். கீழ்ப்பகுதியை எது மறைக்கும் என்பது படி 11இல் வருகிறது. இப்போதைக்கு அதைப் படிக்காதீர்கள்.

சக்கரங்களையும் மறந்துவிடாதீர்கள். 1942இல் ரப்பர்த் தட்டுப்பாட்டால் முழு இரும்புச் சக்கரங்கள் வந்தன. அந்த இரும்புச் சத்தத்தில் வண்டி வருவது தூரத்திலேயே கேட்கும். சத்தத்தைக் குறைக்கச் சில வண்டிகளில் முதல், கடைசிச் சக்கரங்களுக்கு மட்டும் ரப்பர் வைத்தார்கள். உங்கள் புகைப்படத்தில் சக்கரங்கள் புல்லுக்குள் இருக்கும். புல்லுக்குள் உற்றுப் பாருங்கள்.

படி 9: பச்சையைப் பற்றிச் சண்டை போடுங்கள்

இதுதான் இந்தக் கலையின் உச்சம். அவசரப்படாதீர்கள்.

சோவியத் டாங்கிகளுக்கான நிர்ணயப் பச்சையின் பெயர் 4பிஓ. எந்தப் பச்சை? எல்லாருக்கும் தெரியும், யாரும் ஒத்துப்போக மாட்டார்கள். ஒவ்வொரு வண்ண நிறுவனமும் புட்டியின் மேல் 4பிஓ என்று அச்சடித்து, உள்ளே வேறு வேறு பச்சையை ஊற்றி விற்கிறது. எல்லாவற்றையும் வாங்குங்கள். பிளாஸ்டிக் கரண்டிகளில் பூசி ஜன்னலோரம் வரிசையாக வையுங்கள். காலை வெயிலில் ஒன்று சரியாகத் தெரியும், டியூப்லைட்டில் இன்னொன்று.

உங்கள் வாதத்துக்கு நான்கு தூண்கள் உண்டு. ஒன்று: எண்ணெய் கலந்த வண்ணம் நாளாக ஆக மஞ்சளாகும். இரண்டு: ஆலைக்கு ஆலை கலவை மாறியிருக்கும். மூன்று: சின்னப் பொருளில் நிறம் அடர்த்தியாகத் தெரியும் என்பதால் வெளுப்பாக்க வேண்டும். நான்கு: அந்தக் கால வண்ணப் படச் சுருளை நம்பக் கூடாது. இந்த நான்கையும் சரியாகப் பயன்படுத்தினால் எந்தப் பச்சையையும் நிரூபிக்கலாம். எதிராளியின் எந்தப் பச்சையையும் தவிடுபொடியாக்கலாம்.

குளிர்கால வண்டி என்றால் சுண்ணாம்பு வெள்ளை. துடைப்பத்தால் அடித்ததுபோல அவசரமாகப் பூசியிருப்பார்கள். நீங்கள் அந்த அவசரத்தை ஏர்பிரஷ்ஷும் மாஸ்கிங் திரவமும் கொண்டு, பொறுமையாகப் பல பூச்சுகளில் செய்யுங்கள்.

நிறச் சண்டையே வேண்டாமென்று 1942 ஆகஸ்ட் ஸ்டாலின்கிராட்டுக்கு ஓடிப்போகப் பார்க்கிறீர்களா? ஜெர்மன் படை அந்த டிராக்டர் தொழிற்சாலையின் அருகே வந்துவிட்ட நாட்களில், வண்டிகள் வண்ணம் பூசாமலேயே வாசலிலிருந்து நேரே சண்டைக்குப் போனதாகச் சொல்வார்கள். நல்லது. இப்போது சொல்லுங்கள், பூசாத கவச இரும்பின் நிறம் என்ன?

படி 10: எழுத்துகளை ஒட்டுங்கள்

டெக்கால் எனும் ஒட்டுத்தாளில் "தாய்நாட்டுக்காக" என்று ரஷ்ய எழுத்தில் அச்சடித்து வந்திருக்கும். எழுத்து நேராக, ஒழுங்காக இருக்கும். நிஜத்தில் யாரோ கையில் பிரஷ் எடுத்து எழுதியது, ஆகவே இது தவறு. கையால் எழுதுங்கள். உங்கள் கையெழுத்து ரஷ்யக் கையெழுத்தாக இல்லை. அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

"போராடும் தோழி" என்று எழுதிய டரட்டையும் சிலர் விரும்புவார்கள். மரியா அக்தியாப்ர்ஸ்கயாவின் வண்டி அது. கணவர் போரில் இறந்த பிறகு, 50,000 ரூபிளைக் கொடுத்து, அந்தப் பணத்தில் ஒரு டாங்கி கட்டுங்கள், அதை ஓட்டும் வேலையை எனக்கே கொடுங்கள் என்று ஸ்டாலினுக்கு எழுதினார். கொடுத்தார்கள். 1944 ஜனவரியில் வித்தெப்ஸ்க் அருகே டிராக் அறுந்தபோது வெளியே இறங்கிச் சரிசெய்தவர் படுகாயமடைந்து, மார்ச் மாதம் இறந்துபோனார்.

இந்தக் கதையில் நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயம்: எழுத்து டரட்டின் கைப்பிடிக்கு மேலே இருந்ததா, கீழே இருந்ததா?

படி 11: பழசாக்குங்கள்

புதிதாகத் தெரியும் டாங்கி அமெச்சூர் வேலை. துருவை ஏற்றுங்கள். ஆணிக்கு ஆணி துரு வழிய வேண்டும். வண்ணம் உரிந்த இடம், உரிந்த இடத்தில் பழைய வண்ணம், அதற்கும் கீழே பிரைமர் என்று அடுக்கடுக்காகக் காட்டுங்கள். ஹேர்ஸ்பிரே அடித்து, மேலே வண்ணம் பூசி, தண்ணீர் தொட்டுச் சுரண்டுங்கள். வெயிலில் வெளுத்த திட்டு, மழை வடிந்த கோடு, எண்ணெய் கசிந்த கறை: எதையும் விட்டுவிடாதீர்கள். கப்பல் உடைக்கும் துறையில் இருபது ஆண்டு கிடந்தது மாதிரி வர வேண்டும்.

ஆலை வாசலிலிருந்து போர்முனைக்குப் போன வண்டிகளில் பலவற்றுக்குத் துருப்பிடிக்கவே அவகாசம் கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால், அவருக்கு வெதரிங் தெரியாது என்று முடிவுகட்டுங்கள்.

கடைசியாகச் சேறு. உக்ரைன் மண்ணின் நிறத்துக்கும் ஸ்டாலின்கிராட் புழுதியின் நிறத்துக்கும் தனித்தனி பிக்மென்ட் வாங்குங்கள். பிளாஸ்டர் கலந்து, நறுக்கிய புல் கலந்து, கீழ்ப்பகுதி முழுவதும் அப்புங்கள். சக்கரங்கள் மறைந்தன. 144 கண்ணிகளில் வெளியே தெரிந்துகொண்டிருந்தவையும் மறைந்தன. இப்போது படி 8ஐத் திரும்பப் படிக்கலாம்.

படி 12: உடம்பைப் பார்த்துக்கொள்ளாதீர்கள்

ஏர்பிரஷ் அடிக்கும்போது ஜன்னலைச் சாத்துங்கள், ஈர வண்ணத்தில் தூசி உட்கார்ந்துவிடும். தின்னர் வாடையில் தலை சுற்றினால் அதைக் கலைப்பரவசம் என்று கொள்ளுங்கள். டி-34ஐ வடிவமைத்த மிகயில் கோஷ்கின் 1940 மார்ச்சில் முன்மாதிரி வண்டிகளோடு கார்கிவிலிருந்து மாஸ்கோவுக்குப் பனியில் பயணம் போனார். அதில் பிடித்த சளி நிமோனியாவாகி, அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் உயிரையே வாங்கியது. நீங்கள் முகமூடிக்கு முந்நூறு ரூபாய் செலவழிக்கத் தயங்குவதும் அதே மரபில் வருவதுதான்.

படி 13: மனிதர்களைக் கடைசிக்கு வையுங்கள்

76 மில்லிமீட்டர் பீரங்கி கொண்ட டி-34க்குள் நான்கு பேர். ஓட்டுநர், முன்பக்க இயந்திரத் துப்பாக்கிக்காரர், லோடர், தளபதி. தளபதியேதான் குறிபார்த்துச் சுடவும் வேண்டும். அதே நேரத்தில் சுற்றிலும் என்ன நடக்கிறதென்று பார்க்கவும் வேண்டும். ஆரம்பத்தில் படைப்பிரிவுத் தளபதிகளின் வண்டிகளில்தான் ரேடியோ, மற்றவற்றுக்குக் கொடியசைப்புத்தான். இதிலிருந்து நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் வண்டிக்கு ஆன்டெனா உண்டா இல்லையா என்பதை மட்டும்.

நான்கு பேரின் முகத்தையும் ஒரே மாலையில் பூசி முடியுங்கள். கண் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் இருந்தால் பரவாயில்லை. தொப்பியின் தையல் கோடுதான் முக்கியம்.

டியோரமா, அதாவது போர்க்களக் காட்சியமைப்பு, செய்ய ஆசையா? குர்ஸ்க் போர்க்களத்தில் டி-34-85ஐ நிறுத்துங்கள். குர்ஸ்க் நடந்தது 1943 ஜூலை, ஆகஸ்டில். 85 மில்லிமீட்டர் பீரங்கி வண்டி ஆலையிலிருந்து வந்தது 1944இல்தான். முழுவதும் முடித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பிறகு இதைக் கண்டுபிடியுங்கள். அப்போதும் ஒரு வழி உண்டு: பக்கவாட்டில் ஜெர்மன் சிலுவையை வரைந்து, "பிடிபட்ட வண்டி" என்று சொல்லிவிடுங்கள். ஜெர்மானியர்கள் நிறைய டி-34களைப் பிடித்து ஓட்டியது உண்மை. ஆண்டு இடிக்கிறதே என்று கேட்பவரிடம் படி 9இன் நான்கு தூண்களில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 14: அடுத்தவர் டாங்கியைப் பாருங்கள்

உங்களுடையது முடியாமல் கிடக்கும் நாட்களில் பிறர் முடித்தவற்றைப் பார்வையிடுங்கள். கண்காட்சியில் பதினைந்து வயதுப் பையன் தன் முதல் டி-34ஐ வைத்திருப்பான். குனிந்து பாருங்கள். நிமிரும்போது "ம்" என்று மட்டும் சொல்லுங்கள். அவன் ஆவலோடு முகத்தைப் பார்த்ததும், "நன்றாகத்தான் இருக்கிறது" என்று ஆரம்பியுங்கள். "தான்" என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். பிறகு டரட் 183ஆம் ஆலையுடையது, உடல் சோர்மோவோ ஆலையுடையது என்று விளக்குங்கள். பழுதுபார்ப்புக் கூடத்தில் மாற்றியிருக்கலாமே என்று அவன் கேட்டால், பையன் புத்திசாலி. உடனே பச்சைக்குத் தாவுங்கள்.

"உங்களுடையதைக் கொண்டுவரவில்லையா சார்?" என்று அவன் கேட்பான். "வேலை நடக்கிறது" என்று சொல்லுங்கள்.

படி 15: முடித்துவிடாதீர்கள்

எல்லாவற்றையும் மீறி ஒருநாள் டாங்கி முடிந்துபோகும் அபாயம் உண்டு. கடைசிக் கொக்கியை ஒட்டப் போகும் நேரத்தில் எங்காவது ஒரு புதிய புகைப்படத்தைத் தேடிப் பிடியுங்கள். அதில் அந்தக் கொக்கி இரண்டு அங்குலம் தள்ளி இருக்கும். டரட்டைக் கழற்றுங்கள்.

மனம் தளரும்போது ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். போட்டுவிட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். 1941 அக்டோபரில் கார்கிவ் ஜெர்மானியர் கையில் விழுந்தது. அதற்குள் ஆலையைக் கழற்றி ரயிலேற்றிவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் நிஷ்னி தாகிலில் முதல் வண்டிகள் உருவாகிவிட்டன. 1942இல் மட்டும் எல்லா ஆலைகளும் சேர்ந்து 12,500க்கும் மேற்பட்ட டி-34களை வெளியே அனுப்பின. சராசரியாக ஒரு நாளைக்கு 34. ரப்பர் இல்லையென்றால் இரும்புச் சக்கரம், டீசல் என்ஜின் இல்லையென்றால் பெட்ரோல், கைதேர்ந்த ஆள் இல்லையென்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அளவு கொஞ்சம் பிசகினாலும், தடம் கோணினாலும், பச்சை முந்தைய வாரத்துப் பச்சையாக இல்லாவிட்டாலும் வண்டி வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டேதான் இருந்தது.

அவர்களில் ஒருவர்கூட வரலாற்றுக்குத் துல்லியமாக டி-34 கட்டவில்லை. டி-34 கட்டினார்கள், அவ்வளவுதான். அந்தத் தவறை மட்டும் நீங்கள் செய்துவிடாதீர்கள்.